கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா? எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டுச் சொல்லலாம்

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். ஒன்றரை வருடமாக பீரியட்ஸ் வந்தால் ஒன்பது பத்து நாளுக்கு நிற்பதில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. ஹீமோகுளோபின் 7.8. வயிற்று ஸ்கேனில் பின்சுவரில் 7.2 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசையில் வளரும் கட்டி) ஒன்று, 'சப்மியூகோசல்' என்று 2 செ.மீ.யில் இன்னொன்று இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். "குடும்பம் முடிந்துவிட்டதே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்கிறார் டாக்டரம்மா. "இனிமே அது எதுக்கு?" என்கிறார் மாமியார். சென்னையில் இருக்கும் நாத்தனாரோ, கை ரத்தக்குழாய் வழியாகவே கட்டியைச் சுருங்க வைக்கிறார்கள், வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்கிறார். ஒலி அலையால் கட்டியை எரிப்பதாக ஒரு வீடியோவும் பார்த்தேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன், பதினைந்து நாளுக்கு மேல் மூட முடியாது. எனக்கு எது சரி? இந்தக் கட்டி புற்றுநோயாக மாறுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னது உண்மைதான். அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைத்து அதை வாட வைப்பது, எம்போலைசேஷன் என்று பெயர். எக்ஸ்ரே, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் இண்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டான எனக்கு அதுதான் தொழில். ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை, நீங்கள் அனுப்பிய இரண்டு வரி ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. எந்தக் கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ரத்தம் எங்கிருந்து போகிறது என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும். அதுவரை 'எடுத்துவிடுங்கள்' என்பதும் அவசரம், 'எடுக்கவே வேண்டாம்' என்பதும் அவசரம்.

கட்டியைவிட முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் ரத்தம். 7.8 ஹீமோகுளோபினோடு தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், சாயங்காலமானால் கை கால் அசந்துபோகும். வயசாகிறது போலிருக்கிறது என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பேரீச்சம்பழமும் மாதுளையும் சாப்பிடுவதில் தப்பில்லை. (சர்க்கரை இருக்கிறது, பேரீச்சையில் கொஞ்சம் கை அடக்கம் வேண்டும்.) ஆனால் மாதாமாதம் இவ்வளவு போகும்போது சாப்பாட்டை மட்டும் வைத்து 7.8-ஐ மேலே கொண்டுவர முடியாது. இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றலாம். ஒன்றிரண்டு தடவையில் முடிந்துவிடும், ரத்தம் ஏற சில வாரங்கள் ஆகும். போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிட டிரனெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மாத்திரை உண்டு. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் இது ஆகாது, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில் கர்ப்பப்பையை எடுப்பதே முடிவானாலும் ரத்தம் தேறிய உடம்போடு போவதுதான் பத்திரம்.

சரி, கட்டிக்கு வருவோம். உங்கள் வீட்டில் எல்லோரும் அந்த 7.2-ஐப் பார்த்துத்தான் பயந்திருப்பார்கள். எனக்கு அந்த 2 செ.மீ. மேல்தான் சந்தேகம் அதிகம். கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வுதான் மாதாமாதம் உதிர்கிறது. அந்தச் சவ்வுக்கு அடியில் இருந்து உள்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் கட்டியைத்தான் சப்மியூகோசல் என்கிறோம். நெல்லிக்காய் அளவு இருந்தாலும் அது ஆளையே சாய்க்கிற மாதிரி ரத்தப்போக்கைக் கொண்டுவரும். அதே நேரம், கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கம் 10 செ.மீ. கட்டியோடு, அடிக்கடி சிறுநீர் போவதைத் தவிர வேறு தொந்தரவே இல்லாமல் இருப்பவர்களும் உண்டு. இதனால்தான் சர்வதேச மகப்பேறு மருத்துவர்கள் கூட்டமைப்பான ஃபிகோ, கட்டிகளை அளவை வைத்துப் பிரிக்காமல் இருக்கும் இடத்தை வைத்து 0 முதல் 8 வரை எண் கொடுத்துப் பிரித்திருக்கிறது. 0 என்றால் முழுக்க உள்ளே தொங்குகிறது. 1 என்றால் பாதிக்கு மேல் உள்ளே. 2 என்றால் பாதியோ அதற்கு மேலோ சுவருக்குள் புதைந்திருக்கிறது. 7 என்றால் வெளியே காம்பில் தொங்குகிறது.

உங்கள் 2 செ.மீ. கட்டி 0 அல்லது 1 ஆக இருந்தால், நான் செய்யும் சிகிச்சை எதுவும் முதலில் வேண்டியதில்லை. பிறப்புறுப்பு வழியாகக் கேமரா குழாயை விட்டு, வயிற்றில் தையலே இல்லாமல், அதை மட்டும் சீவி எடுத்துவிடலாம். ஹிஸ்டிரோஸ்கோப்பி என்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். இதை உங்கள் மகப்பேறு டாக்டரே செய்வார், அல்லது செய்பவரிடம் அனுப்புவார். பெரிய கட்டியும் சவ்வை அழுத்திக்கொண்டிருந்தால் இது மட்டும் போதாது. அது தெரிய வேண்டும் என்றுதான் எம்.ஆர்.ஐ. கேட்கிறேன்.

வயிற்று ஸ்கேன் நல்ல கருவிதான், கட்டி இருக்கிறது என்று கண்டுபிடிக்க அது போதும். சிகிச்சையைத் திட்டமிட அது போதாது. எம்.ஆர்.ஐ. படத்தில் சாதாரண ஃபைப்ராய்டு கறுப்பாக, ஓரம் தெளிவாகத் தெரியும். பிறகு கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும்போது, ரத்த ஓட்டம் உள்ள கட்டி பளிச்சென்று வெளுக்கும். சில கட்டிகள் வெளுக்காது. உள்ளே ஏற்கனவே செத்துப்போன கட்டி அது. ரத்தமே போகாத கட்டிக்கு ரத்தத்தை அடைத்து என்ன பயன்? அப்படிப்பட்டவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இன்னொன்று அடினோமயோசிஸ். உள்வரிச் சவ்வு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே ஊடுருவிப் போகும் நிலை இது. ஸ்கேனில் இதையும் ஃபைப்ராய்டு என்று எழுதிவிடுவது நடக்கும், இரண்டும் சேர்ந்து இருப்பதும் சகஜம். எம்போலைசேஷன் அதற்கும் ஓரளவு பலன் தரும், ஆனால் பலன் நீடிப்பது குறைவு. போவதற்கு முன்பே தெரிந்திருந்தால் பிறகு ஏமாற்றம் இருக்காது. கட்டிக்குச் சினைப்பையின் ரத்தக்குழாயில் இருந்தும் ரத்தம் வருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்வோம். கர்ப்பப்பைக் குழாய்களை மட்டும் அடைத்துவிட்டு அதை விட்டுவிட்டால் கட்டி தப்பிப் பிழைத்துவிடும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது ஒன்று. தாலிக்கொடியில் ஊக்கு மாட்டியிருப்பீர்கள். அந்த ஊக்கு இரும்பு, காந்தம் இழுக்கும். அங்கே போய், கழற்ற மாட்டேன், சாமி குத்தம் என்று வாசலிலேயே அரை மணி நேரம் பேச்சு நடப்பது எல்லா சென்டரிலும் தினம் பார்க்கிற காட்சி. அன்றைக்கு ஒரு நாள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு போய்விடுங்கள். உள்ளே அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும், சத்தம் அதிகமாக இருக்கும், வலி எதுவும் இருக்காது.

எம்.ஆர்.ஐ. சரியாக வந்து எம்போலைசேஷன்தான் என்று முடிவானால் என்ன நடக்கும்? இதயத்துக்கு ஆஞ்சியோ செய்கிற மாதிரியான அறைதான். மயக்க மருந்து கொடுத்து முழுதாகத் தூங்க வைப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள குழாயை ரத்தக்குழாய்க்குள் விடுவோம். எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அதை இடுப்புக்குக் கொண்டுபோவோம். சாயம் செலுத்தும்போது இடுப்புக்குக் கீழே சூடாகப் பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று பலர் பதறுவார்கள். போயிருக்காது, சாயத்தின் வேலை அது. திரையில் கர்ப்பப்பையின் ரத்தக்குழாய் சுருள் சுருளாக நெளிந்து போவது தெரியும். அதன் முடிவில் கட்டியைச் சுற்றி நெருக்கமாக ஒரு வலைப்பின்னல். அதற்குள் இன்னும் மெல்லிய மைக்ரோகதீட்டரை விட்டு, நைஸ் ரவை அளவில் இருக்கும் துகள்களைச் சாயத்தில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். பெரும்பாலும் 500 முதல் 700 மைக்ரான் அளவில் ஆரம்பிப்போம். ஓட்டம் இழுக்கிற பக்கம் அவை தானாகவே போகும். கட்டிதான் அதிகம் ரத்தம் குடிக்கிறது, அதனால் அங்கேதான் போய் அடைக்கும். சாயம் முன்னே நகராமல் ஐந்தாறு இதயத் துடிப்பு நேரம் அங்கேயே நின்றால் போதும், நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் அடைக்கக் கூடாது. பிறகு அடுத்த பக்கம். இடது வலது இரண்டையும் செய்தால்தான் கணக்கு, ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கத்தில் இருந்து கட்டிக்கு ரத்தம் வந்துவிடும். மொத்தம் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

அப்படியானால் கர்ப்பப்பையும் சேர்ந்து செத்துப்போகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கர்ப்பப்பைக்குச் சுற்றுவட்டத்தில் இருந்து வேறு சிறு குழாய்கள் பல வந்து சேர்கின்றன, நல்ல தசை அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். கட்டிக்கு அந்த வசதி இல்லை. ஆறு மாதத்தில் பாதி அளவுக்கு வாடும், தொட்டால் கல்லாக இருந்தது மெத்தென்று ஆகும். முழுக்க மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்தப்போக்கு குறைந்ததா என்பதுதான் உங்களுக்கு முக்கியம், அது பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நன்றாகவே குறைகிறது.

இந்தச் சிகிச்சை வந்த விதமும் கேட்க வேண்டியது. பாரிஸில் ஜாக் ரவினா என்ற மகப்பேறு மருத்துவர், ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க, முன்கூட்டியே ரத்தக்குழாயை அடைக்கச் சொன்னார். அடைத்த பிறகு ஆபரேஷனுக்குக் காத்திருந்த பெண்களில் பலருக்குத் தொந்தரவே நின்றுவிட்டது, ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை. 1995-ல் அவருடைய குழு இதை 'லான்செட்' இதழில் எழுதியது. அதாவது முப்பது வருடப் பழக்கம் உள்ள சிகிச்சை, நேற்று வந்த புதுசு இல்லை. 2004-ல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த கான்டலீசா ரைஸ் இதைத்தான் செய்துகொண்டார்.

வலியைப் பற்றி மறைக்கக் கூடாது. நெட்டில் படிக்கிற விளம்பரங்களில் 'வலியில்லாத சிகிச்சை' என்று போட்டிருப்பார்கள். நம்பாதீர்கள். சிகிச்சை நடக்கும்போது வலி குறைவு. முடிந்த பிறகு முதல் எட்டு, பன்னிரண்டு மணி நேரம் அடிவயிறு பிசைந்தெடுக்கும், பிரசவ வலிக்கு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ரத்தம் கிடைக்காத தசை அழுகிற அழுகை அது. அதனால்தான் அன்றிரவு ஆஸ்பத்திரியில் வைத்து, நீங்களே பட்டனை அழுத்தி வலி மருந்து எடுத்துக்கொள்ளும் பம்ப் மாட்டுகிறோம். சில இடங்களில் இடுப்பு நரம்புப் பின்னலுக்கு ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். நீங்கள் போகும் இடத்தில் 'வலிக்கு என்ன ஏற்பாடு?' என்று கேளுங்கள். 'ஒரு பாராசிட்டமால் போதும்மா' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். அப்புறம் ஒரு வாரம் அசதி, லேசான காய்ச்சல், குமட்டல் இருக்கலாம். பலரும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உங்கள் பதினைந்து நாள் கணக்குக்குள் இது அடங்கும். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்தால் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் அதைவிடக் குறைவு.

நான் இதைச் செய்கிற ஆள், என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்யும். அதனால் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் 28 ஆஸ்பத்திரிகளில் 177 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எம்போலைசேஷன், மறு பாதிக்குக் கர்ப்பப்பை அகற்றம் என்று செய்து பத்து வருடம் தொடர்ந்தார்கள். 'எம்மி' என்று பெயர். எம்போலைசேஷன் செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கடைசிவரை கர்ப்பப்பையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். மூன்றில் ஒரு பங்கினர் எப்போதோ ஒரு கட்டத்தில் எடுத்தே விட்டார்கள். பிரிட்டனில் நடந்த 'ரெஸ்ட்' ஆய்விலும் ஐந்து வருடத்தில் 32 சதவீதம் பேருக்கு மறுபடி ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டது. ஆபரேஷன் செய்தவர்களில் அது 4 சதவீதம்தான். ஆக, விலை இதுதான்: சுலபமாக எழுந்துவிடலாம், ஆனால் மறுபடி வர வேண்டிய வாய்ப்பு கணிசம்.

ஆனால் இந்தக் கணக்கை 43 வயதில் படிப்பது வேறு, 33-ல் படிப்பது வேறு. நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. நின்றுவிட்டால் ஃபைப்ராய்டு தானாகவே வாடிவிடும். அதாவது உங்களுக்கு இந்தச் சிகிச்சை சில வருடம் தாக்குப்பிடித்தால் போதும். உங்களைப் போன்றவர்களுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பதன் காரணம் இதுதான். இதே கடிதத்தை இன்னும் குழந்தை வேண்டும் என்கிற 32 வயதுப் பெண் எழுதியிருந்தால், முதலில் கட்டியை மட்டும் அறுத்து எடுக்கும் மயோமெக்டமி பற்றித்தான் பேசியிருப்பேன். எம்போலைசேஷனுக்குப் பிறகும் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதை முதல் வழியாக வைக்க மாட்டேன்.

அந்த ஒலி அலை வீடியோ பொய்யில்லை. எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளேயே குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கு வெளியில் இருந்து ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்து, அந்த இடத்தை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கட்டியைக் கருக வைப்பார்கள். எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதை எம்.ஆர்.ஐ.யே அவ்வப்போது காட்டும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-லேயே அனுமதித்துவிட்டது. வயிற்றில் வெட்டே இல்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்றால் சந்தேகம்தான். இரண்டு சிசேரியன் தழும்பு இருக்கிறது. அலை போகும் வழியில் தழும்பு குறுக்கிட்டால் அங்கே தோல் வெந்துவிடும் அபாயம் உண்டு. கட்டி பின்சுவரில், முதுகுத்தண்டின் அடி நரம்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் குடல் வந்து விழுந்தாலும் நடக்காது. செய்கிற இடங்களும் குறைவு.

புற்றுநோய் பயம். ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவதில்லை என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஃபைப்ராய்டு போலவே வேஷம் போட்டு வரும் சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டி உண்டு. ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்தவர்களில் 350-ல் ஒருவருக்கு அப்படி இருந்ததாக 2014-ல் எஃப்.டி.ஏ. கணக்கிட்டது. அதைவிடவும் குறைவு என்று சொல்லும் கணக்குகளும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் சந்தேகக் குறிகள் தெரியும், ஆனால் நூறு சதவீதம் உறுதி சொல்ல எந்தப் படத்தாலும் முடியாது. எம்போலைசேஷனில் கட்டி உள்ளேயே இருக்கும், லேபுக்கு அனுப்ப எதுவும் கிடைக்காது. படத்தில் சந்தேகம் வந்தால் நான் தொட மாட்டேன், ஆபரேஷனுக்குத்தான் அனுப்புவேன். 40 தாண்டி இவ்வளவு போக்கு இருப்பதால், கர்ப்பப்பையின் உள்வரியில் இருந்து சிறு துணுக்கு எடுத்து பயாப்ஸியும், வாய்ப்பகுதிக்குப் பாப் ஸ்மியரும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் செய்தாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உங்கள் டாக்டரம்மா தப்பாக எதுவும் சொல்லவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால் இந்தத் தொல்லை மறுபடி வராது, அது ஒன்றுக்குத்தான் அந்த உத்தரவாதம். ஆனால் 'குடும்பம் முடிந்துவிட்டது' என்பது மட்டுமே அதற்குக் காரணமாகிவிடாது. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டுதலே வெளியிட்டது. மாநிலங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 'இனிமே அது எதுக்கு?' என்கிற மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. எடுப்பது என்று முடிவு செய்தால், சினைப்பைகளை விட்டுவிடுவார்களா என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நல்ல சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் 43 வயதிலேயே எலும்பும் இதயமும் பாதுகாப்பை இழக்கும். எம்போலைசேஷனிலும் சினைப்பைக்கு ஆபத்து சிறிதளவு உண்டு. 45-க்குக் கீழே இருப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குள்தான் பீரியட்ஸ் நிரந்தரமாக நிற்கிறது. 45 தாண்டினால் அது அதிகம்.

மெட்ஃபார்மினைப் பற்றி. சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், எனவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்பதை அங்கே சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அடைத்த கட்டியில் சீழ் பிடிக்க வாய்ப்பு கூடும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். எம்போலைசேஷன் செய்துகொண்டால், அந்த உள்பக்கக் கட்டி சில வாரங்களிலோ மாதங்களிலோ பிய்ந்து பிறப்புறுப்பு வழியாக வெளியேறலாம். பழுப்பு நிறத்தில் நீர் வடிவது சகஜம். நாற்றம் அடித்தாலோ, முதல் வாரம் தாண்டிக் குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, அடங்கிய வலி திரும்பி வந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: அடுத்த பீரியட்ஸ் வருவதற்குள் இரும்புச்சத்து டிரிப்ஸை ஆரம்பித்துவிடுங்கள். உங்கள் டாக்டரம்மாவிடமே 'கான்ட்ராஸ்ட்டுடன் இடுப்பு எம்.ஆர்.ஐ.' என்று சீட்டு எழுதி வாங்குங்கள். எம்போலைசேஷன் பற்றிக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள், இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உங்களைத் தொடர்ந்து பார்க்கப் போவதும் அவர்தான். கோவையிலோ சென்னையிலோ பெரிய ஆஸ்பத்திரிகளில் இண்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று தனிப் பிரிவு இருக்கும், அங்கே வெளிநோயாளியாகப் பார்க்கலாம். செலவைக் கேட்கும்போது துகளும் மைக்ரோகதீட்டரும் பேக்கேஜில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்று கேளுங்கள். எம்.ஆர்.ஐ. சென்டரில் ஃபிலிமோடு சி.டி.யும் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் அவர்கள் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்கும், எனக்கு வேண்டியது பெரும்பாலும் சி.டி.யில்தான் இருக்கும்.